வந்த படங்களை வரவில்லை என்கிறோம்

கோவில்பட்டியிலிருந்து நெல்லை நோக்கிச் செல்லும் இரயில் குமாரபுரத்தைக் கடந்து கடம்பூரில் நிற்கும்போது, பயணிகள் சன்னல் வழியே கை நீட்டுவர். போளி வாங்குவதற்காக! கடம்பூர் என்றால் போளி. அதற்குமேல் அவ்வூரைப் பற்றி அறிந்தவர் அரிது. வண்டி நகர்ந்ததும் இருபுறமும் விரிகிறது கரிசல் நிலம். மழையை நம்பி விதைத்துவிட்டு வானம் பார்த்துக் கிடக்கும் மானாவாரிக் காடுகளையும், வற்றிய கண்மாய்களையும், ஆட்டுக் கிடைகளையும் ஏறெடுத்துப் பார்ப்பார் எவருமில்லை. இனிப்பு கைக்கு வந்துவிட்டது. இனி நிலம் எதற்கு?

நாம் திரைப்படம் பார்க்கும் முறையும் இதுவேதான். இனிப்பை வாங்கிக்கொள்கிறோம், நிலத்தைப் பார்க்க மறுக்கிறோம். பிறகு, "இந்தக் காலத்தில் நல்ல படம் எங்கே வருகிறது?" என்று திருப்பலி முடிந்த கோவில் முற்றத்தில் நின்று பெருமூச்சு விடுகிறோம். இந்தப் பெருமூச்சு பொய்யானது என்பதே நம் வாதம். நல்ல படங்கள் வந்தன. நம் ஊர்களைத் தேடியே வந்தன. நாம்தான் வீட்டில் இல்லை.

சான்று இல்லாமல் பழி சுமத்துவது முறையன்று. ஆகவே கரிசலில் இருந்தே தொடங்குவோம்.

கோவில்பட்டியை அடுத்த இடைசெவல் தமிழுக்குத் தந்த கி. ராஜநாராயணனை அறியாத இலக்கிய வாசகர் இலர். அவருடைய 'கிடை' என்னும் குறுநாவலை 2003இல் அம்ஷன் குமார் 'ஒருத்தி' என்ற பெயரில் படமாக்கினார். ஆடு மேய்க்கும் ஏழைப் பெண் ஒருத்தி. சாதியில் அவளுக்கு மேலே வைக்கப்பட்ட ஓர் இளைஞன். இருவருக்கும் இடையே மலர்ந்த அன்பு. ஊர் நியாயம் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறாகவும் தராசு பிடிக்கிறது. கூக்குரல் இல்லை, அடுக்குமொழி வசனம் இல்லை. கி.ரா. 2021இல் மறைந்தபோது நாமெல்லாம் இரங்கல் கூட்டம் நடத்தினோம். அவர் கதையைத் தாங்கி வந்த படத்தை எத்தனை பேர் பார்த்திருந்தோம்? இக்கேள்வியை மற்றவரிடம் கேட்குமுன் நம்மிடமே கேட்டுக்கொண்டோம். அப்படம் வெளிவந்த ஆண்டில் நாமும் பார்க்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

அடுத்து, 'பூ'. எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வனின் 'வெயிலோடு போய்' என்னும் சிறுகதையைத் தழுவி 2008இல் சசி இயக்கியது. பட்டாசு ஆலையில் வேலை செய்யும் மாரி, சிறு வயது முதல் தன் மாமன் மகன் மேல் உயிரையே வைத்திருக்கிறாள், வேறொருவனுக்கு மனைவியாகிறாள். அதன் பின்னும், அவன் நலமாக இருக்கிறானா என்று அறிவதற்காக வெயிலோடு வெயிலாக நடக்கிறாள். தனக்கென எதையும் கேளாத அன்பைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். அவ்வன்புக்கு ஒரு கரிசல் முகம் உண்டு என்று காட்டியது இப்படம். பார்வதி என்னும் நடிகைக்குத் தமிழில் இதுவே முதற்படம். சில இடங்களில் வணிகப் படத்தின் பழக்கங்கள் எட்டிப் பார்க்கின்றன, மறுப்பதற்கில்லை. ஆயினும் இறுதிக் காட்சியில் மாரி அழும் அழுகை எந்த வணிகத்துக்கும் உரியதன்று.

மூன்றாவது, கதைப்படமே அன்று. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்னும் ஆவணப்படம். சிவகாசி வட்டாரத்துத் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் உழன்ற பிள்ளைகளே அதன் நாயகர்கள். குழந்தைத் தொழிலாளர் தடுப்புச் சட்டம் 1986இலேயே வந்துவிட்டது. சட்டம் ஏட்டில் இருந்தது. பிள்ளைகள் ஆலையில் இருந்தனர்.

இப்படத்தைப் பற்றி எழுதும்போது ஒரு நிகழ்ச்சி நம் நெஞ்சை உறுத்துகிறது. நாமறிந்த ஒரு பங்கில், திருவிழா நாள் ஒன்றில் இதைத் திரையிடலாம் என்று முன்பு ஒருமுறை யோசனை கூறப்பட்டது. "திருவிழாவில் எதற்கு அழுகை?" என்று மறுத்துவிட்டார்கள். நாமும் வற்புறுத்தவில்லை. அன்றிரவு திரையிடப்பட்டது ஓர் அடிதடிப் படம். முன் வரிசையில் அமர்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்த தாய்மாருள் பலர், சிறு வயதில் தீக்குச்சி அடுக்கி விரல் தேய்ந்தவர்கள். அவர்கள் வாழ்க்கை அவர்கள் கண்முன் வருவதற்கு இருந்த ஒரு வாய்ப்பை, அவர்களைக் கேளாமலேயே நாம் தட்டிப் பறித்தோம். இதற்குப் பெயர் கேளிக்கையா?

கரிசலைச் சற்றுத் தாண்டி நெல்லைக்குச் செல்வோம். 1982இல் ஹரிஹரன் இயக்கிய 'ஏழாவது மனிதன்', சிமெண்டு ஆலையின் தூசியில் மூச்சுத் திணறும் சிற்றூரையும், தொழிலாளர் பக்கம் நிற்கத் துணிந்த ஓர் இளம் பொறியாளனையும் பற்றியது. பாரதியின் நூற்றாண்டில் வந்த அப்படத்தின் பாடல்கள் எட்டயபுரத்தானுடையவை, இசை எல். வைத்தியநாதன். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. பாடல்கள் வானொலியில் நிலைத்தன, படம் மறக்கப்பட்டது. மீண்டும் போளியை உண்டு நிலத்தை மறந்த கதை!

2018இல் லெனின் பாரதி தந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை'யில், ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு வாழ்வில் ஒரே ஆசை, சொந்தமாகக் கையளவு நிலம். முடிவில், தனதாக இருந்த மண்ணிலேயே காற்றாலைக்குக் காவலாளாக நிற்கிறான். கயத்தாறு வட்டாரத்தில் சுழலும் காற்றாலைகளை நாள்தோறும் பார்க்கும் நமக்கு, அவற்றின் அடியில் நிற்பவன் யார், முன்பு என்னவாக இருந்தான் என்று கேட்கத் தோன்றியதுண்டா?

பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்' 2021இல் ரோட்டர்டாம் விழாவில் புலி விருது பெற்றது. அவ்வாண்டு ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டது. வறண்ட நிலத்தில் குடிகாரத் தந்தையும் சிறுவனும் நடக்கிறார்கள்; அவ்வளவே கதை. இறுதியில் ஊற்றுக் குழியில் பெண்கள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் முகக்கக் காத்திருக்கும் அந்த நீண்ட காட்சி, நம் ஊர்ப் பெண்களின் நூறாண்டுக் காத்திருப்பு. அது 2023இல் திரையரங்குக்கு வராமலேயே இணையவழியில் வெளியானது.

"இவை சோகப் படங்கள், உழைத்துக் களைத்தவனுக்குச் சற்றுச் சிரிப்பு வேண்டாமா?" என்பர் சிலர். வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் விருந்தில் இனிப்பு மட்டுமே உண்பவன் விரைவில் நோயாளி ஆவான். "சினிமாவே சோதனை, அதைப் பரிந்துரைப்பது தகுமா?" என்பர் வேறு சிலர். இவர்களுக்குத் திருச்சபையின் மொழியிலேயே விடை உண்டு.

1936இல் பதினொன்றாம் பத்திநாதர் திரைப்படம் பற்றிச் சுற்றுமடல் எழுதினார். தீய படங்களை விலக்க உறுதிமொழி எடுத்த அமெரிக்கக் கத்தோலிக்கரைப் பாராட்டினார். நல்ல படத்தின் ஆற்றலையும் எடுத்துரைத்தார். 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், சமூகத் தொடர்புக் கருவிகள் பற்றிய ஆணையில், பண்பாட்டையும் கலையையும் வளர்க்கும் படங்களை எல்லா வழியிலும் ஆதரிக்குமாறு கேட்டுக்கொண்டது. நாமோ விலக்குவதை மட்டும் கற்றுக்கொண்டு, ஆதரிப்பதை மறந்தோம். 'பார்க்காதே' என்று பிள்ளைகளிடம் ஆயிரம் முறை சொன்னோம். 'இதைப் பார்' என்று ஒருமுறையேனும் சொன்னோமா?

சினிமாவின் நூற்றாண்டான 1995இல் வத்திக்கான் நாற்பத்தைந்து படங்களைத் தெரிந்தெடுத்து வெளியிட்டது. அவற்றுள் ஒன்று, இத்தாலிய இயக்குநர் எர்மானோ ஓல்மியின் 'மரக்காலணி மரம்'. 1978இல் கான் விழாவின் உயரிய பரிசைப் பெற்றது. நடித்தவர் அனைவரும் உண்மை உழவர்கள். பள்ளி செல்லும் மகனின் காலணி உடைந்துபோக, தந்தை பண்ணையாரின் மரம் ஒன்றை வெட்டிப் புதுக் காலணி செதுக்குகிறான். அதற்காகக் குடும்பமே வெளியேற்றப்படுகிறது. அண்டை வீட்டார் பார்த்து நிற்கிறார்கள். அந்தத் தந்தை பெர்காமோவில் பிறந்தவன். அவனுடைய உடன்பிறப்புகள் கடம்பூரில் உண்டு. வத்திக்கான் போற்றிய அந்த உழவனைக் கண்டு நாம் கண்ணீர் விடலாம். ஆனால் வாசலில் நிற்கும் நம் உழவனைத் திரையில் காண மனமில்லையென்றால், அக்கண்ணீருக்கு என்ன பொருள்?

பார்ப்பவர் இல்லாத படம் இறந்துபோகும். அதோடு, அதை எடுத்தவர் மீண்டும் எடுக்கும் துணிவும் இறந்துபோகும். அடுத்த 'ஒருத்தி'க்கு முதல் போடுவார் யார்? இத்தகைய படங்கள் அரிதாவதற்குத் தயாரிப்பாளரின் பேராசை மட்டும் காரணமன்று. நம் அலட்சியமும் காரணமே.

செய்யத்தக்கது பெரிதன்று. பங்கு மன்றங்கள் உண்டு. வெள்ளைச் சுவர் உண்டு. இளைஞர் இயக்கங்கள் உண்டு. படம் வீழ்த்தும் கருவி இன்று எளிதில் கிடைக்கிறது. மாதம் ஒரு மாலை, ஒரு படம், அதன் பின் அரைமணி நேர உரையாடல். உரிமையாளரிடம் முறையாக இசைவு பெற்று, சிறு தொகையேனும் செலுத்தித் திரையிடுவோம். அதுவே அக்கலைஞருக்கு நாம் தரும் கூலி. முதல் மாதம் பத்துப் பேர் வரட்டும். அப்பத்துப் பேருள் தீக்குச்சி அடுக்கிய ஒரு தாய் இருந்தால், அவரையே முதலில் பேச அழைப்போம்.

கடம்பூரில் இரயில் நிற்கும்போது போளி வாங்குங்கள், சுவையானதுதான். வண்டி கிளம்பியதும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளாதீர்கள். வெளியே நிலம் இருக்கிறது.