மீன் செத்தால் முதலில் பிள்ளையைப் பிடிக்காதீர்கள்

அன்பின் ஆசிரிய உறவுகளே, பெற்றோர்களே! கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

எமது பதுளைப் பிள்ளைகளில் பலர் கடலைக் கண்டதேயில்லை. அதனால்தான் விஞ்ஞான அறையில் கடல் மீன் தொட்டி ஒன்று வைத்தோம். புது மீன்களை நேரே அதில் விட்டால் நோய் தொற்றலாம் என்று, பக்கத்தில் சிறியதாக ஒரு தனிமைப்படுத்தல் தொட்டியும் வைத்தோம். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏழு மீன்கள் வந்தன. மறுநாள் விடியும்போது மூன்று செத்துக் கிடந்தன. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு.

உடனே நாங்கள் என்ன செய்தோம்? தீனி போடும் பொறுப்பிலிருந்த பிள்ளையைப் பிடித்தோம். பசறைப் பக்கத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவன். "அள்ளிக் கொட்டியிருப்பான்" என்றார் ஒருவர். "அதுகளுக்கு இதெல்லாம் எங்க விளங்கும்" என்றார் இன்னொருவர். சொன்னவர்கள் இருவர்தான். கேட்டுக்கொண்டே தேநீர் குடித்தவர்கள் நாங்கள் எல்லோரும். பிள்ளை மூன்று நாள் பாடசாலைக்கு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் அமோனியா அளக்கும் கிட் ஒன்றை இரவல் வாங்கினோம். மஞ்சளாக நிற்க வேண்டிய நீர் கடும் பச்சையாக மாறியது. அப்போதுதான் எமது கைவேலை ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

வடிகட்டியின் ஸ்பொஞ்சைப் பெரிய தொட்டியில் வாரக்கணக்காகப் போட்டுப் பக்குவப்படுத்தி வைத்திருந்தோம். மீன் வருவதற்கு முதல் நாள், பார்க்க அழகாக இருக்கட்டும் என்று அதைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் வெள்ளையாகும்வரை தேய்த்துக் கழுவியது நாங்கள். மீனின் கழிவு அமோனியாவாகிறது. அதை நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும் பக்டீரியாக்கள் குடியிருந்தது அந்த ஸ்பொஞ்சில்தான். நைதரசன் வட்டத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைகிற நாங்கள்தான் அதைக் கழுவி ஊற்றினோம்.

இன்னொன்றும் செய்தோம். நீண்ட பயணத்தில் பைக்குள் காபனீரொட்சைட்டு சேர்ந்து நீர் அமிலப் பக்கம் சாய்வதால், அங்குள்ள அமோனியா பெரும்பாலும் நஞ்சு குறைந்த அமோனியம் அயனாகவே இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறும், அது மறுபடி நஞ்சாகும். கடல் நீர் இயல்பிலேயே காரத்தன்மை கொண்டது, ஆகவே அங்கே நஞ்சு இன்னும் கூர்மை. நாங்களோ பையைத் திறந்து வைத்து நீண்ட நேரம் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுவிட்டு, கடைசியில் பைத் தண்ணீரையும் சேர்த்தே தொட்டியில் ஊற்றினோம்.

பிள்ளையின் கொப்பியைப் பிறகு பார்த்தோம். 'முதல் நாள் தீனி போட வேண்டாம் என்று சேர் சொன்னார், போடவில்லை' என்று எழுதி வைத்திருக்கிறான். அந்தக் கொப்பி அத்தனை நாளும் தொட்டிக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒருவராவது திறந்து பார்த்தோமா?

"நோயாக இருக்கும், செப்பு மருந்து ஊற்றுங்கள்" என்றும் ஆலோசனை வந்தது. அளவு தெரியாமல் ஊற்றும் செப்பே மீனைக் கொல்லும். ஓரிரு நாளில் கூட்டமாகச் செத்தால் முதல் சந்தேகம் தண்ணீர் மீது வர வேண்டும். அமோனியா, உப்பின் அளவு, வெப்பநிலை, காற்று இந்த நான்கையும் பார்த்த பிறகுதான் மருந்துப் போத்தலைத் தொட வேண்டும். புள்ளிகளோடு, மூச்சு வாங்கிக்கொண்டு, நாட்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்தால் அது வேறு கதை.

"எல்லாம் நாட்டம்" என்று ஆறுதல் சொன்னவர்களுக்கும் ஒரு வார்த்தை. கத்ரில் எமக்கும் ஈமான் உண்டு. ஆனால் ஸ்பொஞ்சைக் கழுவியது எமது கை.

தனிமைப்படுத்தல் எமது மலைக்குப் புதிதல்ல. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இத்தோட்டங்களுக்கு வந்தவர்களில் பலர் மண்டபம் முகாமில் அடைத்து வைக்கப்பட்டுத்தான் கப்பல் ஏறினார்கள். 1947இல் உருவான இந்தியாவின் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பிற்காலத்தில் பல வருடங்கள் அதே மண்டபம் முகாமிலிருந்துதான் இயங்கியது. நோயைக் கொண்டு வருபவன் என்ற சந்தேகம் அன்று கூலியின் மேல், இன்று அவன் பேரப்பிள்ளையின் மேல். அடைத்து வைத்த இடம் எப்படியிருந்தது என்று கேட்கிறவர் குறைவு.

லயத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா சொன்னார்: "பரவால்லைங்க சேர். மிச்ச ரெண்டு மீனும் இருக்குதுங்களா?"

இருக்கின்றன. தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றினோம், பெரிய தொட்டியிலிருந்து பழைய ஸ்பொஞ்ச் ஒன்றைக் கொண்டுவந்து போட்டோம். இப்போது தினமும் அளந்து எழுதுவது அந்தப் பிள்ளைதான்.

ஆசிரியர்களே, பரீட்சைப் பெறுபேறு குறையும்போதும் நாம் இதையேதான் செய்கிறோம். "தோட்டத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்கிறோம். அடுத்த முறை அப்படிச் சொல்ல வாய் வரும்போது, வகுப்பில் எத்தனை நாள் ஆசிரியர் இருந்தார், பிள்ளை காலையில் சாப்பிட்டதா, எத்தனை மைல் நடந்து வந்தது என்று முதலில் அளந்து பாருங்கள். நாங்களும் பார்க்கிறோம்.