வெள்ளிக்கொடி படர்ந்த கருங்குடுவை

ஒரு பொருளைச் செய்வோர் நிறுத்திவிட்டால் அது அரிதாகும் என்பது யாவரும் அறிந்ததே. வைத்திருப்போரும் அதனைப் பேணாது விட்டுவிட்டால் அந்த அருமை இருமடங்காகிறது. இம்மாதம் இப்பகுதியில் நாம் எடுத்துக்கொள்ளும் பொருள் இவ்விரு வகையாலும் அரிதாகிவிட்ட ஒன்று. பீதர் நகரத்துக் கம்மியர் வார்த்து, வெள்ளி பதித்து, கருமை ஏற்றிய ஹூக்காக் குடுவையே அது. புகை பிடிக்கும் கருவியைப் பற்றிக் குடும்பங்கள் படிக்கும் சங்க இதழில் எழுதலாமா என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். புகைப் பழக்கத்திற்கு நாம் பரிந்து பேச வரவில்லை. அப்பழக்கத்தால் விளையும் கேட்டை இன்று மருத்துவ உலகம் ஐயமற உரைக்கின்றது. பழக்கம் தீயதாயினும் அதனைச் சார்ந்து வளர்ந்த கைத்திறன் பெரிது. அத்திறனைக் குறித்தே இக்கட்டுரை.

ஹூக்காவின் உறுப்புகள் நான்கு. அடியில் நீர் நிறைக்கும் குடுவை. அதன் வாயில் பொருந்தும் தண்டு. தண்டின் உச்சியில் புகையிலையும் நெருப்பும் இடும் கிண்ணம். குடுவையிலிருந்து புகைப்போன் வாய்வரை பாம்புபோல் வளைந்து வரும் நீண்ட குழாய். இவற்றுள் கிண்ணம் பெரும்பாலும் மண்ணாலானது, உடைந்துவிடும். குழாய் துணியும் தோலும் கொண்டு சுற்றப்பட்டது, மக்கிவிடும். எஞ்சி நிற்பது உலோகக் குடுவை ஒன்றே. அதனால்தான் இன்று அரும்பொருட் காட்சிசாலைகளில் குடுவையை மட்டும் காண்கிறோம். உறுப்பெல்லாம் நிறைந்த பழைய ஹூக்காவைக் காண்பது மிக அரிது.

புகையிலை நம் நாட்டுச் செடியன்று. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகத் தக்காணம் வந்தது. அக்பர் சக்கரவர்த்தி பிஜப்பூருக்கு அனுப்பிய அசத் பேக் என்னும் தூதர், அங்கே புகையிலையைக் கண்டு வியந்து, மணிகள் இழைத்த குழாய் ஒன்றுடன் அதனை அரசவைக்குக் கொண்டுவந்தார் என அவரே எழுதி வைத்துள்ளார். இது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அக்பர் சிறிது புகைத்துப் பார்த்தார். அவைக்கள மருத்துவரோ அறியாத பொருளை ஏற்கலாகாதெனத் தடுத்தார். அக்பரின் மைந்தர் ஜஹாங்கீர் 1617இல் புகையிலைக்குத் தடை விதித்தார். ஆணை ஏட்டில் நின்றது. பழக்கம் நாடெங்கும் பரவியது. அரண்மனை முதல் ஆலமரத்தடி வரை ஹூக்கா இடம் பிடித்தது. ஏழைக்குத் தேங்காய்ச் சிரட்டையும் மட்கலமும் குடுவையாயின. செல்வருக்கோ பொன்னும் வெள்ளியும் இழைத்த குடுவை வேண்டியிருந்தது. அத்தேவையை நிறைவேற்ற முன்வந்தோருள் தலையாயவர் பீதர்க் கம்மியர்.

பீதர், 15ஆம் நூற்றாண்டில் பாமினி சுல்தான்களின் தலைநகராய் விளங்கிய ஊர். பின்னர்ப் பரீத் ஷாகிகளும் முகலாயரும் நிஜாமும் அதனை ஆண்டனர். 1956 வரை ஐதராபாத் இராச்சியத்தில் இருந்து, மாநிலச் சீரமைப்பில் மைசூருடன் சேர்ந்து, இன்று கர்நாடகத்தின் வடகோடியில் நிற்கிறது. ஊரின் பெயரே கைவினைக்கும் பெயராகி, அது ‘பிதரி’ எனப்படலாயிற்று.

இவ்வேலையின் மூலப்பொருள் துத்தநாகம். பதினாறு பங்கு துத்தநாகத்துக்கு ஒரு பங்கு செம்பு என்பது பட்டறை வழக்கு. துத்தநாகத்தைக் கனியத்திலிருந்து பிரிப்பது எளிதன்று. ஏனைய உலோகங்கள் உருகி வழியும் வெப்பத்தில் இது ஆவியாகி மேலெழும்பி மறைந்துவிடும். அந்த ஆவியைப் பிடித்துக் குளிரவைத்து உலோகமாக்கும் நுட்பத்தை, ராஜஸ்தானத்து ஜாவர்ச் சுரங்கங்களை அடுத்திருந்த உலைக்களங்களில் நம் நாட்டார் கையாண்டனர். ஐரோப்பா இதனைப் பெரிய அளவில் செய்யத் தொடங்கியது 18ஆம் நூற்றாண்டிலேதான். எனவே பிதரிக் குடுவையைக் காணும்போது, பீதர்க் கம்மியனோடு பெயர் தெரியாத உலைத்தொழிலாளரையும் நினைத்தல் தகும்.

இனிச் செய்முறை. மண்ணில் ஆமணக்கெண்ணெயும் குங்கிலியமும் கலந்து அச்சு அமைப்பர். உருக்கிய உலோகத்தை அதில் வார்த்து, குளிர்ந்தபின் அரத்தால் அராவி வழவழப்பாக்குவர். அப்போது அதன் நிறம் வெளிறிய ஈயம்போல் இருக்கும். மயில்துத்தக் கரைசலை அதன்மேல் தடவினால் சிறிது நேரத்திற்கு நிற்கும் கருமை தோன்றும். அந்தக் கரும்பரப்பில் கூர்முனையால் சித்திரம் எழுதுவர். பின்பு சிற்றுளி கொண்டு கோடுதோறும் பள்ளம் வெட்டுவர். அப்பள்ளத்தில் வெள்ளிக் கம்பியையோ தகட்டையோ வைத்துச் சுத்தியால் மெல்லத் தட்டி இறுக்குவர். கம்பி பதிப்பதற்குத் ‘தார்க்கசி’ என்றும், தகடு பதிப்பதற்குத் ‘தெஹ்நிஷான்’ என்றும் பெயர். பிறகு முழுப்பரப்பையும் தேய்த்து மெருகிடுவர்.

இவ்வளவும் ஆனபின்னும் குடுவை வெள்ளைமேல் வெள்ளையாய், சித்திரம் புலப்படாமல் மங்கிக் கிடக்கும். அதற்கு உயிர் தருவது பீதர்க் கோட்டை மண். பழைய கோட்டைக் கட்டடங்களுக்குள் வெயிலும் மழையும் படாத இடத்து மண்ணைத் தேர்ந்து, அதன் தரத்தை நாவில் வைத்துச் சுவைத்து அறிகின்றனர் அக்கம்மியர். அம்மண்ணோடு நவச்சாரமும் நீரும் கலந்து, சூடேற்றிய குடுவைமேல் தேய்க்க, துத்தநாகக் கலவை மட்டும் மைபோல் கறுக்கும், வெள்ளி கறுப்பதில்லை. அமாவாசை வானில் விண்மீன் பூத்தாற்போல், கரிய பரப்பில் கொடியும் மலரும் பளிச்சிடும். இறுதியில் எண்ணெய் தடவித் துடைத்தால் கருமை ஆழ்ந்து நிற்கும்.

குடுவைகளுள்ளும் இருவகை உண்டு. பழையது உருண்டை வடிவம். 17ஆம் நூற்றாண்டிலும் 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெரிதும் வழங்கியது. அடி உருண்டையாதலின் தரையில் தானே நிற்காது. அதனைத் தாங்க வளையம் ஒன்று வேண்டும். பின்னர் மணியைக் கவிழ்த்தாற்போன்ற, அடி தட்டையான வடிவம் வந்தது. அது வளையமின்றி உறுதியாய் நிற்கும். கால் பட்டாலும் எளிதில் உருளாது. வசதி மிக்கது வென்றது. உருண்டைக் குடுவை வழக்கொழிந்தது. ஆயினும் திறமைக்கு உரைகல் உருண்டையே என்போம். தட்டையான தட்டில் சித்திரம் தீட்டுவது ஒன்று. கழுத்திலிருந்து அடிவரை வளைந்து விரிந்து குறுகும் கோளத்தில், ஒவ்வொரு மலரும் அளவு மாறாமல், தொடங்கிய கொடி தொடங்கிய இடத்திலேயே வந்து சேருமாறு வெட்டுவது மற்றொன்று. அவ்வடிவைக் கைவிட்டபோது அதற்குரிய கைப்பழக்கமும் அருகிப்போயிற்று.

ஹூக்கா ஆங்கிலேயரையும் ஆட்கொண்டது. 1779இல் கல்கத்தாவில் வாரன் ஹேஸ்டிங்ஸ் தம்பதியர் அனுப்பிய விருந்தழைப்பில், விருந்தினர் தம் ஹூக்காப் பணியாளைத் தவிர வேறு ஏவலரை அழைத்து வரவேண்டாம் என்று குறித்திருந்தனர். அந்தப் பணியாள் ஒருவனை மட்டும் விலக்க இயலவில்லை! ஆனால் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஆங்கிலேயரிடையே அந்த மோகம் பெரிதும் தணிந்தது. அதன் இடத்தைப் பிடித்தவற்றுள் நம் தமிழகத்துச் சரக்கும் ஒன்று என்பது வாசகர்க்கு வியப்பளிக்கலாம். ‘சுருட்டு’ என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் ‘செரூட்’ ஆயிற்று. திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் கப்பலேறின. 1887இல் வெளிவந்த முதல் ஷெர்லக் ஹோம்ஸ் நாவலிலேயே, சாம்பலைக் கண்டு திருச்சிராப்பள்ளிச் சுருட்டு எனத் துப்பறிவாளர் கூறும் இடம் வருகிறது. சட்டைப்பையில் அடங்கும் சுருட்டுக்கு நீர் வேண்டா, பணியாள் வேண்டா. பின்னர்ப் பீடியும் சிகரெட்டும் வந்தன. செல்வர் மாளிகையிலும் ஹூக்கா மூலைக்குச் சென்றது.

பயன் போனபின் தொழில் என்னாகும்? பிதரி வேலை ஒரு காலத்தில் பீகாரத்துப் பூர்ணியாவிலும், லக்னோவிலும், வங்கத்து மூர்ஷிதாபாத்திலும் செழித்திருந்தது. அங்கெல்லாம் அது மங்கிவிட்டது. பீதரிலும் ஐதராபாத்திலும் அது நிலைத்ததற்குக் காரணம், கம்மியர் காலத்தோடு பொருந்தி வேறு பொருள்களுக்குத் திரும்பியதே. பூச்சாடி, தட்டு, நகைப்பெட்டி, கைவளை என இன்று அவர் கை பல பொருள்களைப் படைக்கிறது. 1851இல் லண்டன் பெருங்கண்காட்சியில் வைக்கப்பட்ட அக்கலை, 2006இல் புவிசார் குறியீடு பெற்றது. 2023இல் பீதர்க் கலைஞர் ஷா ரஷீத் அகமது காதரிக்கு நம் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது. கர்நாடக அரசு 2024 பிப்ரவரியில் ஹூக்கா விற்பனைக்கும் நுகர்வுக்கும் தடை விதித்ததையும் இங்கே சேர்த்து எண்ணலாம். புகை விலகவேண்டியதுதான், கலை அதனோடு விலகவில்லை என்பதே நமக்கு ஆறுதல்.

ஆனால் பழைய குடுவைகளின் நிலை வேறு. செகந்திராபாத்தில் வாழும் சகோதரி ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். ரயில்வே உத்தியோகத்தில் இருந்த அவர் மாமனார் வாங்கி வைத்த கரிய குடுவை ஒன்று பரணில் உள்ளதாம். பழைய பாத்திரம் வாங்க வருபவர், அதற்கு ஈடாகப் புதிய எவர்சில்வர் அடுக்கு ஒன்று தருவதாகக் கூறுகிறாராம். கொடுத்துவிடலாமா, அன்றி நன்றாகத் துலக்கி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். இரண்டையும் செய்யவேண்டாம் என்பதே நம் விடை.

முதலாவது, துத்தநாகம் எடைக்கு மிகுந்த விலை பெறும் உலோகமன்று. ஆதலால் தராசு இப்பொருளின் மதிப்பைக் காட்டாது. ஐதராபாத்தில் உள்ளவர்கள் சாலார் ஜங் அருங்காட்சியகத்திற்கும், டில்லியில் உள்ளவர்கள் தேசிய அருங்காட்சியகத்திற்கும் சென்று, அங்குள்ள பிதரிப் பொருள்களைக் கண்டு, தம்மிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அதன்பின் வைத்திருப்பதோ விற்பதோ அவரவர் விருப்பம். அறியாமல் இழப்பது மட்டும் வேண்டாம். இரண்டாவது, நம் இல்லங்களில் பித்தளையைப் புளியிட்டுத் துலக்குவது வழக்கம். பிதரிக்குப் புளியும் எலுமிச்சையும் பகை. புளிப்பு துத்தநாகத்தை அரிக்கும். இருநூறு ஆண்டுக் கருமையை ஒரு காலைப்பொழுதில் போக்கிவிடும். மென்மையான உலர்ந்த துணியால் துடைத்து, துளி எண்ணெய் பூசினால் போதும். மூன்றாவது, நூறாண்டு கடந்த கலைப்பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின்படி தொல்பொருளாகும். அதனைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்ப இயலாது. அயல்நாட்டில் வாழும் மக்களுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

பிழைப்பை நாடி ஊர் விட்டு ஊர் வந்த நாம், இடமாற்றந்தோறும் சாமான் குறைத்துப் பழகியவர்கள். தஞ்சையிலிருந்து வந்த குத்துவிளக்கை விடாமல் சுமந்து வருகிறோம். வாழவந்த ஊர் நமக்குத் தந்த பொருளையோ அயலாருடையதென்று எளிதில் தள்ளிவிடுகிறோம். முந்தைய தலைமுறையினர் இவ்வூர்க் கடைத்தெருவில் ஆசையோடு வாங்கிய பொருளும் நம் குடும்ப வரலாற்றின் ஓர் ஏடே. அதனை யார் வாங்கினார், எந்த ஊரில், எந்த ஆண்டில் என்று ஒரு சீட்டில் எழுதி அப்பொருளோடு சேர்த்து வைக்கும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம். வீட்டில் முதியோர் இருக்கும்போதே இதனைச் செய்தல் நலம். அவர்கள் சொல்லாத செய்தியைப் பிறகு எந்த அருங்காட்சியகமும் நமக்குச் சொல்லித் தர இயலாது.