வறுமையின் வாசலில் முட்டைத் தரகர்

டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற 16 வயதுச் சிறுமி, 2021 ஜூலையில் தீக்காயங்களுடன் உயிரிழந்தார். வேலைக்குச் சேர்த்தவர் ஒரு தரகர். அடுத்த ஆண்டு தமிழ்நாட்டின் ஈரோட்டில், இன்னொரு 16 வயதுச் சிறுமியின் கருமுட்டைகள் பல தடவைகள் எடுத்து விற்கப்பட்டது அம்பலமானது. தாயும் பெண் தரகரும் கைதாகினர். வயதைக் கூட்டிக்காட்டப் போலி ஆதார் அட்டை தயாரித்திருந்தார்கள். இரண்டையும் நான் ஒன்றாகவே வாசிக்கிறேன்: ஏழை வீட்டு வாசலுக்குத் தரகர்தான் முதலில் வருகிறார்.

கருமுட்டை எடுப்பது இரத்ததானம் போன்றதல்ல. வழமையாக மாதத்துக்கு ஒரு முட்டைதான் முதிரும். பல முட்டைகள் முதிர்வதற்காகச் சுமார் பத்து நாட்கள் ஹோர்மோன் ஊசி போடுவார்கள். கடைசி ஊசி போட்டு ஏறத்தாழ 36 மணித்தியாலங்களில், மயக்கமருந்து கொடுத்து, ஸ்கேனில் பார்த்தபடி யோனி வழியாக ஊசியைச் சூலகத்துக்குச் செலுத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். சூலகம் வீங்கி வயிற்றில் நீர் கோக்கலாம். இரத்தப்போக்கும் கிருமித்தொற்றும் ஏற்படலாம். வாடகைத் தாயின் வயிறாவது ஊருக்குத் தெரியும். முட்டை கொடுத்தவரை யாருக்கும் தெரியாது.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, 23 முதல் 35 வயதுள்ள பெண் வாழ்நாளில் ஒரே தடவைதான் கருமுட்டை தானம் செய்யலாம். ஏழு முட்டைகளுக்கு மேல் எடுக்கக்கூடாது. இலங்கையில் இதற்கெனத் தனிச்சட்டம் இல்லை. மலையகத் தோட்டங்களிலும், போரில் கணவரை இழந்த பெண்கள் நுண்கடனோடு போராடும் வடக்கிலும், இந்த வெற்றிடம் தரகருக்கே வசதி. யாராவது கையெழுத்துக் கேட்டால் முதலில் கேளுங்கள்: எத்தனை ஊசி, எத்தனை முட்டை, உடம்புக்கு ஏதாவது வந்தால் செலவு யாருடையது?