ஐந்து புலிகளும் ஒரு பசுவும்

மேட்டூரிலிருந்து கொளத்தூர் வழியே வடக்கு நோக்கிச் சென்று பாலாற்றை எட்டினால் தமிழகத்தின் எல்லை முடிகிறது. அப்பால் விரிவது மாதேசுவரன் மலைக்காடு. சேலத்து மக்கள் திரள் திரளாகச் செல்லும் மலை அது. புலிமேல் ஏறிவரும் கடவுள் என்று அங்குள்ள மாதேசுவரனைப் போற்றுகிறார்கள். அந்தக் காட்டில்தான், 2025 ஜூன் 26 அன்று, தாய்ப்புலி ஒன்றும் அதன் குட்டிகள் நான்கும் பிணமாகக் கிடந்தன!

நோயால் மாண்டனவல்ல, நஞ்சால் மாண்டன. புலி அடித்த பசுவின் உடலிலே பூச்சிக்கொல்லி கலக்கப்பட்டிருந்தது. கொன்ற இரையைத் தேடி மறுபடியும் வருவது புலியின் இயல்பு. வந்தது, குட்டிகளோடு வந்தது, குடும்பமே அழிந்தது. பசுவை இழந்தவர் உள்ளிட்ட சிலர் கைது செய்யப்பட்டனர்.

கொடுமை! அதை மறுப்பார் எவருமில்லை. ஆனால், தோழர்களே, கொடுமை எனக் கூறிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது அரசியல் ஆகாது. பசு என்பது நகரத்தானுக்குப் பால். மலையோரத்தானுக்கோ அதுவே சேமிப்பு, அதுவே காப்பீடு, அதுவே மகளின் திருமணச் செலவு. ஓரிரவில் அது போனால், விடிந்ததும் அவன் யாரிடம் போவான்? எத்தனை நாளில் ஈடு பெறுவான்? இக்கேள்விக்கு விடை இல்லாத இடத்தில்தான் நஞ்சுப் புட்டி திறக்கிறது.

எங்கோ நடந்தது என்றெண்ண வேண்டாம். 2023-இல் பரமத்தி வேலூரை அடுத்த இருக்கூர்ப் பகுதியிலே சிறுத்தை நடமாடிற்று. கூண்டும் காமிராவும் வைத்துத் தேடினர். 2024 செப்டம்பரில் கொளத்தூர்ப் பகுதியிலே ஆடுகளைக் கொன்று வந்த சிறுத்தை, இறுதியில் பிணமாகவே கிடைத்தது. மேச்சேரி ஆட்டையும் சேலம் கருப்பு ஆட்டையும் வளர்த்துப் பெயர் பெற்ற மண் இது. இங்கே பட்டியின் துயரம், வீட்டின் துயரம்.

பட்டி என்கிறோமே, அது எப்படியிருக்கிறது? நாற்புறமும் படல், மேலே திறந்த வானம்! மரமேறும் சிறுத்தைக்குப் படல் ஒரு தடையா? உள்ளே குதித்துவிட்டால், மிரண்டு ஓட வழியின்றி நெருங்கி நிற்கும் ஆடுகளில் ஒன்றோடு அது நிற்பதுமில்லை. லடாக்கிலே பனிச்சிறுத்தைக்கு அஞ்சிய மேய்ப்பர்கள், பட்டிக்கு மேலே கம்பிவலை வேய்ந்தார்கள். கதவை இறுக்கமாக அமைத்தார்கள். ஆடும் பிழைத்தது, சிறுத்தையும் பிழைத்தது. இமாசலத்துக் கிப்பர் சிற்றூரிலே 2002 முதல் ஊராரே பங்கு செலுத்திக் கால்நடைக் காப்பீடு நடத்தினர். குளிர்ப் பாலைநிலத்து ஏழைக்கு முடிந்தது, கொங்குநாட்டிலே முடியாதா?

தடை ஒன்றே மருந்து என்போர் இருக்கின்றனர். 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பின்னர் அதே மாதத்தில், தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றோடு அத்தடையை நிறுத்திற்று. அதன்பின் சரணாலயங்கள் பெருகின: 2022 நவம்பரில் காவிரி தெற்கு, 2024-இல் அந்தியூர், கோபிப் பகுதிகளில் தந்தை பெரியார் பெயரால் ஒன்று. காடு காக்கப்படுவதை வரவேற்கிறோம். ஆனால், தலைமுறை தலைமுறையாகக் காட்டிலே பட்டி போட்டுப் பர்கூர் மலைமாடு வளர்த்தவனுக்கு மேய்ச்சலுரிமை தருவதும் சட்டந்தானே? 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அதைத் தெளிவாகச் சொல்கிறதே! ஒரு சட்டம் கொடுத்ததை மற்றொன்று பறித்தால், இடையில் நசுங்குபவன் மேய்ப்பன். அவன் நசுங்கினால் அடுத்து மடிவது புலி.

ஆகவே நாம் கேட்பவை இவை: காட்டோர ஊர்களின் பட்டிகளுக்கு மேல்வலையும் கதவும் அமைக்க அரசு உதவட்டும். கால்நடை இறந்தால் மருத்துவரும் வனத்துறையினரும் மறுநாளே வரட்டும். ஈட்டுத்தொகை ஓலையிலே உறங்காமல் சில நாட்களில் கைக்கு வரட்டும். மேய்ச்சல் எங்கே ஆகும், எங்கே ஆகாது என்பதைக் கிராம சபையில் அமர்ந்து முடிவு செய்யட்டும்.

கேட்பதோடு நம் கடமை தீர்ந்ததா? இல்லை. காட்டோரக் கிளைத் தோழர் ஒவ்வொருவரும் செய்யத்தக்கது உண்டு. ஆடு இழந்தவன் வீட்டுக்கு அன்றே செல்லுங்கள்; மனுவை எழுதிக் கொடுங்கள்; அதிகாரி வரும்வரை செத்த கால்நடையை அகற்றாதிருக்கச் சொல்லுங்கள். நஞ்சு வைத்தால் 3 ஆண்டு முதல் 7 ஆண்டுவரை சிறை என்பதையும் ஒளிக்காமல் கூறுங்கள். தனியே விடப்பட்டவன் கையிலேதான் நஞ்சு ஏறுகிறது. அவன் தோளிலே முதலில் விழுவது போலீசாரின் கையாக இருக்கலாகாது. நம் கையாக இருக்கட்டும்!