ரவா இட்டலியும் லயத்து ரொட்டியும்

சென்ற விடுமுறையிலே பெங்களூர் சென்றிருந்த நாம், லால்பாக் வீதியிலுள்ள மாவள்ளி டிபன் ரூம்ஸ் வாயிலில் முக்கால் மணி நேரம் காத்து நின்றோம். ஓர் இட்டலிக்கு இத்தனை தவமா என்று நேயர்கள் நகைக்கலாம். அவ்விட்டலியின் வரலாறு நம் மலைநாட்டையும் தொடுவதாலேயே இங்கு எழுதத் துணிந்தோம்.

உடுப்பிப் பக்கத்துக் கிராமமொன்றிலிருந்து சமையல் வேலைக்கு வந்த மையா சகோதரர்கள் 1924ஆம் ஆண்டில் தொடங்கிய சிறு கடை அது. இன்றளவும் அக்குடும்பத்தார் கையிலேயே இருக்கிறது. 1975இல் நெருக்கடி நிலை பிறந்து, பண்டங்களின் விலையைக் குறைக்கும்படி உத்தரவு வந்தபோது, தரத்தைக் குறைக்க மனமின்றி, அன்றன்றைய நஷ்டத்தை வாயிலில் எழுதி வைத்தார்கள் என்பர். பிடிவாதக்காரர்கள்தாம்!

1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றினர். பர்மா அரிசி வருவது நின்றது. அந்த யுத்தகாலத் தட்டுப்பாட்டில், அரிசிக்குப் பதிலாக ரவையைத் தயிரிற் கலந்து அவித்துப் பார்த்ததில் ரவா இட்டலி பிறந்தது என்பது அக்கடையாரின் கூற்று.

அதே பர்மா அரிசியை நம்பித்தான் இலங்கையும் இருந்தது. இங்கும் அரிசிக்குப் பங்கீடு வந்தது. கோதுமை மா வந்தது. அக்காலத்தில் இளம்பெண்ணாயிருந்த நம் பாட்டியார், விடியுமுன் எழுந்து, மாவோடு தேங்காய்ப்பூவைப் பிசைந்து, லயத்து அடுப்பில் தடித்த ரொட்டியாகச் சுட்டு, மிளகாய்ச் சம்பலுடன் துணியில் முடிந்துகொண்டு, இடுப்பிலே படங்கைக் கட்டிக் கொழுந்து மலைக்கு ஏறியதைப் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறோம். மழையில் நனைந்து ஆறிப்போனாலும் அந்த ரொட்டி மாலைவரை பசி தாங்குமாம். யுத்தம் முடிந்தது; ரொட்டி நம்மோடு தங்கிவிட்டது.

பள்ளியிலே சோறு கொண்டு வந்த கடைவீதிப் பிள்ளைகளின் நடுவே நாம் அந்த ரொட்டியைப் புத்தகத்தால் மறைத்துத் தின்றோம். இன்றும் நம் மாணவரிற் சிலர் பொட்டலத்தை மேசைக்கடியில் வைத்துப் பிரிப்பதைக் காணும்போது நெஞ்சு சுருக்கென்கிறது.

பெங்களூரிலோ, முந்திரிப்பருப்புப் பதித்த இட்டலி நெய்யோடும் உருளைக்கிழங்குச் சாகுவோடும் ராஜ மரியாதையுடன் வந்தது. சுவைக்குக் குறைவில்லை. ஆயினும் நம் பாட்டியாரின் கைப்பக்குவத்துக்கு எந்த வாயிலிலும் பெயர்ப்பலகை இல்லையே என்ற எண்ணம் ஒவ்வொரு வாய்க்கும் இடையே வந்துகொண்டிருந்தது.

ஹட்டன் திரும்பிய மறுநாளே அம்மாவிடம் ரொட்டி சுடச் சொன்னோம்.

“பெங்களூர் வரைக்கும் போய் வந்தும் இதைத்தானா கேட்கிறாய்?” என்றார்.

இரண்டைக் கட்டிக்கொண்டு கல்லூரிக்குச் சென்று, பகல் இடைவேளையிலே, மாணவர் பார்க்க மேசைமேல் விரித்து வைத்தே உண்டோம்.