மிளகாய் விதையைக் குறை சொல்லுமுன்

மாடித்தோட்டம் வைத்திருக்கும் நம் வயதுக்காரர்கள் இருவர் சந்தித்தால், மூட்டுவலிக்கு அடுத்தபடியாகப் பேசுவது மிளகாய் விதையைப் பற்றித்தான். "கத்திரி வந்துவிட்டது, தக்காளி வந்துவிட்டது, மிளகாய் மட்டும் முளைக்கவில்லை, விதை சரியில்லை" என்பார்கள். உடனே கடைக்குப் போய்ப் புதுப் பாக்கெட்டும், கூடவே சீக்கிரம் முளைக்க ஒரு மருந்துப் புட்டியும் வாங்கி வருவார்கள். என்னைக் கேட்டால் அந்தப் புட்டி வீண் செலவு. மிளகாய் விதை கேட்பது தண்ணீர், வெதுவெதுப்பு, கொஞ்சம் அவகாசம். மூன்றும் வீட்டிலேயே இருக்கின்றன.

மிளகாய் இயல்பிலேயே மெதுவாக முளைப்பது. உள்ளே இருக்கும் கருவைச் சுற்றிக் கெட்டியான தசை இருக்கிறது. அது இளகினால்தான் வேர் வெளியே வரும். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் எட்டுப் பத்து நாள் ஆகும். மார்கழி, தை மாதக் குளிரில் இன்னும் தாமதமாகும். ஐந்தாம் நாளே மண்ணைக் கிளறிப் பார்த்தால் என்ன தெரியும்? இன்னொன்று: நம் நாட்டு விதைச் சான்றளிப்புத் தரத்தின்படி தக்காளிக்கும் கத்திரிக்கும் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 70 சதவீதம், மிளகாய்க்கு 60 சதவீதம்தான். பத்துக்கு ஆறு முளைத்தாலே அது தேறிய விதை.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விதையை இரவு சாதாரணத் தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் வடித்து, ஈரமான பருத்தித் துணியில் முடிந்து, சமையலறையில் வெதுவெதுப்பான மூலையில் வையுங்கள். துணி காயக்கூடாது, சொட்டவும் கூடாது. வெள்ளை வேர்முனை எட்டிப் பார்த்ததும் அரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றி, மேலே மெல்லிய மணல் தூவுங்கள். நாற்றழுகலுக்குப் பயந்தால், ஊன்றும் முன் சூடோமோனாஸ் பொடியை விதையில் புரட்டலாம். வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை கிலோ விதைக்கு 10 கிராம்; நம் கைப்பிடி விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

செய்யக் கூடாதவையும் உண்டு. ஒரு நாளுக்கு மேல் ஊறப்போடாதீர்கள்; காற்றில்லாமல் விதை அழுகும். வெந்நீரில் போட்டால் நோய்க்கிருமி சாகும் என்பது உண்மைதான். ஆனால் அது சுமார் 50 டிகிரியில், நிமிடக் கணக்குப் பார்த்துச் செய்வது. வெப்பமானி இல்லாமல் கைவிரலை விட்டுப் பார்த்துச் செய்தால் விதையே வெந்துவிடும். சிவப்பாகவோ நீலமாகவோ சாயம் பூசி வரும் விதையில் பூஞ்சணக்கொல்லி ஏற்றியிருப்பார்கள். அதை ஊறவைக்க வேண்டாம், பேரப்பிள்ளைகள் கையில் கொடுக்கவும் வேண்டாம்.

இதையெல்லாம் வலியுறுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. கடை விதை போனால் பத்து இருபது ரூபாயோடு போயிற்று. ஆனால் நம்மில் சிலர் வீட்டில் அம்மா காலத்திலிருந்து எடுத்து வைத்துவரும் நாட்டு மிளகாய் விதை இருக்கும். அதற்குப் பெயர் கூடக் கிடையாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு வருஷம் முளைக்கவில்லை என்று குப்பையில் கொட்டினால் அந்த வகை அந்த வீட்டோடு முடிந்தது. வீரிய ஒட்டுரகப் பழத்திலிருந்து விதை எடுத்தாலும் தாய்ச்செடியைப் போலவே வராது. நாட்டு விதைக்கு அது ஈடாகாது.

ஆகவே கொட்டுமுன் பத்தே பத்து விதையைத் துணியில் முடிந்து, மூன்று வாரம் பாருங்கள். தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். இரண்டு முளைத்தாலும் போதும். அந்த இரண்டு செடியில் நன்கு பழுத்த பழங்களை நிழலில் உலர்த்தி விதை எடுத்துவிட்டால், அடுத்த வருஷம் அக்கம்பக்கத்தாருக்கும் கொடுக்கலாம்.