ஆஸ்பத்திரிக் கூரையில் பூஞ்சணம்

ஈர ரப்பர் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்கும் என்று தோட்ட மக்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதற்காகத்தானே புகைபோட்டுக் காய வைத்தோம்! இந்தச் சின்ன விஷயம் பெரிய கட்டடங்களில் மறந்துபோகிறது. ஜொகூர் பாரு, பாண்டானில் 2004-இல் திறந்த சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, அதே ஆண்டில் பூஞ்சணத்தால் மூடப்பட்டது. புத்தம்புதுக் கட்டடம்!

ஏர்கோன் போட்ட அறைக்குள் நம் நாட்டு ஈரக்காற்று நுழைந்தால், குழாயிலும் கூரைப் பலகையிலும் நீர் முத்து முத்தாய்க் கட்டும். நனைந்த பலகை இரண்டு நாள் காயாமல் கிடந்தால் போதும். நல்ல உடம்புக்காரருக்கு அது பெரும்பாலும் வெறும் கறை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவர் நுரையீரலுக்குள் அந்தத் தூள் போனால் உயிருக்கே ஆபத்து. மேலே சாயம் பூசி மறைப்பது வேலைக்காகாது. ஒழுகலை அடைத்து, பலகையைக் கழற்றி எறிய வேண்டும்.

தோட்டத்தை விட்டுக் கிள்ளான் பக்கம் வந்த நம் பெண்கள் பலர், குத்தகைக்காரரிடம் ஆஸ்பத்திரித் துப்புரவு வேலை பார்க்கிறார்கள். கறையை முதலில் காண்பது இவர்கள்தான். சொன்னால் வேலை போய்விடுமோ என்று வாய் திறப்பதில்லை. இவர்கள் சொல்வதை மேற்பார்வையாளர் எழுதிக்கொண்டு அன்றே ஆளனுப்ப வேண்டும் என்கிறோம். துடைக்கச் சொல்வதானால், முகமூடியும் கையுறையும் கொடுத்த பிறகு சொல்லட்டும்.